கோதுமைச் சமவெளியில் ஒரு கிராமமா? பார் திறந்திருக்கிற ஊராகப் பாருங்கள்

ஜூன் மாதம் மாட்ரிட்டில் இருக்கும் மகளிடம் போகிறோம், நடுவே மூன்று நாள் மிஞ்சுகிறது, அரண்மனையும் அருங்காட்சியகமும் பார்த்துச் சலித்துவிட்டது, கோதுமை விளைகிற ஒரு சின்னக் கிராமத்தில் போய்த் தங்க முடியுமா, அங்கே பார்க்க என்ன இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள், மனைவி சைவம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

தாராளமாகத் தங்கலாம். பார்க்க என்ன இருக்கும் என்றால், பட்டியல் போடுகிற அளவுக்கு ஒன்றும் இருக்காது. ஒரு தேவாலயம், ஒரு சதுக்கம், பாதி இடிந்த மண்வீடுகள், நாலாபுறமும் தானியம். காரில் வந்து இறங்கி, இருபது நிமிடம் சுற்றிவிட்டு, "இவ்வளவுதானா" என்று கிளம்பிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை நானே அப்படித்தான் கிளம்பினேன். காலையில் போய் மாலையில் திரும்புவதாக இருந்தால் இதை விட்டுவிடுங்கள், அந்த ஒரு நாளுக்கு மாட்ரிட்டுக்குப் பக்கத்து நகரமான செகோவியா போதும். இரண்டு இரவு தங்க முடியும் என்றால் மேலே படியுங்கள்.

நான் வயாதோலித் நகரத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு போக்கிடம் இல்லாமல்தான் வடக்கே இருக்கும் சமவெளியில் சுற்ற ஆரம்பித்தேன். அந்தச் சமவெளிக்குப் பெயர் தியெர்ரா தே காம்போஸ், வயல்களின் நாடு. பலேன்சியா, வயாதோலித், சமோரா, லெயோன் என்று நான்கு மாகாணங்களில் பரந்து கிடக்கிறது. சமவெளி என்றாலும் கடல் மட்டத்திலிருந்து 700, 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரம் அபூர்வம், கல் அதைவிட அபூர்வம். களிமண்ணும் வானமும்தான். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பருவத்தைப் பற்றிச் சொல்வது: ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம். ஸ்பானிய மொழியில் குளிர்காலம் இன்வியெர்னோ, நரகம் இன்ஃபியெர்னோ. ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஜூனில் பகலில் வெயில் கொளுத்தும், இரவில் ஸ்வெட்டர் தேடுவீர்கள். மறக்காமல் எடுத்துப் போங்கள்.

சரி, எந்தக் கிராமம்? என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. பார் திறந்திருக்கிற ஊர். குடிப்பதற்காகச் சொல்லவில்லை. அங்கே பார் என்பது டீக்கடை, மளிகைக்கடை, தபால் நிலையம், திண்ணை எல்லாம் சேர்ந்த ஒன்று. காலையில் காபி, ஞாயிறு பூசை முடிந்ததும் வெர்முத் என்ற மூலிகை ஒயின், சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பெரியவர்கள் உட்கார்ந்து சீட்டாட்டம். தேவாலயச் சாவி யாரிடம் இருக்கிறது, மருத்துவர் என்றைக்கு வருவார், யார் வீட்டில் பாலாடைக்கட்டி விற்பார்கள் என்பதெல்லாம் அங்கே தான் தெரியும். 1960-களில் அரசாங்கம் கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்த மன்றங்களைத் திறந்தது. டெலிக்ளப் என்று பெயர். சில ஊர்களில் பாருக்கு இன்னும் அந்தப் பெயர்தான் வழங்குகிறது. ஊரில் பார் மூடிவிட்டால் மிச்சமிருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இடமில்லாமல் போகும். அதனால் பல ஊராட்சிகள் கட்டடத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு, எடுத்து நடத்த வருகிற குடும்பத்துக்குக் குறைந்த வாடகைக்கு விடுகின்றன. வீடும் சேர்த்துத் தருகிற ஊர்களும் உண்டு.

இந்த அளவுகோலைப் பட்டினி கிடந்துதான் கற்றுக்கொண்டேன். ஒரு தடவை போனது திங்கட்கிழமை. ஊர்ப் பெயர் வேண்டாம். பார் கதவில் அன்று விடுமுறை என்று எழுதித் தொங்கியது. கடை என்று வேறொன்றும் இல்லை. தெருவில் ஓர் ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. பன்னிரண்டு மணி வாக்கில் எங்கிருந்தோ ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஏதோ விபத்து என்று ஓடினேன். பார்த்தால் ரொட்டி வண்டி. அதுவரை ஆளே இல்லாதது போலிருந்த வீடுகளிலிருந்து ஏழெட்டுப் பாட்டிகள் துணிப்பையோடு வெளியே வந்தார்கள். நானும் வரிசையில் நின்று ஒரு ரொட்டி வாங்கினேன். அன்றைய மதியச் சாப்பாடு அதுதான். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ யாருடைய பிள்ளை?" என்றார். ஸ்பெயினின் எந்தக் கிராமத்திலும் புதுமுகத்திடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான் என்பது பிறகு தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துமா அந்தச் சந்தேகம் என்று சிரிப்பு வந்தது. ஆனால் நம்மூர்த் திண்ணையிலும் இதே கேள்விதானே! மீன் வண்டி, பழ வண்டி எல்லாம் இப்படித்தான் வாரத்தில் இன்ன நாள் என்று வந்து ஹாரன் அடிக்கும்.

ஆகவே உங்கள் இருவருக்கும் நான் சொல்வது போவாதியா தெல் கமினோ. பலேன்சியா மாகாணத்தில், நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர். வடமேற்கு ஸ்பெயினின் சந்தியாகோ தேவாலயத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்களின் யாத்திரைப் பாதை இதன் வழியாகப் போவதால் பாரும் தங்கும் விடுதியும் நடக்கின்றன. யாத்திரிகர் கூட்டம் இருக்குமே என்று யோசிக்காதீர்கள். அவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். அடுத்த கூட்டம் மதியம்தான் வரும். இடைப்பட்ட நேரம் ஊர் ஊர்க்காரர்களுடையது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் சிப்பி உருவங்கள் செதுக்கிய 15-ஆம் நூற்றாண்டுக் கல்தூண் ஒன்று நிற்கிறது. குற்றம் செய்தவர்களைத் தாங்களே விசாரித்துத் தண்டிக்கும் உரிமை இந்த ஊருக்கு உண்டு என்பதற்கான அடையாளம் அது. குற்றவாளிகளை அதில் கட்டி வைப்பார்களாம். இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு வேலைப்பாடான தூணா என்று தோன்றும். கோதுமைக்கும் ஆட்டு ரோமத்துக்கும் ஒரு காலத்தில் இருந்த மதிப்பு அப்படி.

முதல் நாள் மாலை ஊரை மட்டும் சுற்றுங்கள். சுவர்களைக் கவனித்துப் பாருங்கள். கல் இல்லாத மண்ணில் வீட்டை எதை வைத்துக் கட்டுவது? வயல் களிமண்ணில் கோதுமை வைக்கோலைக் கலந்து மிதித்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்த சுடாத செங்கல்தான். அதோபே என்பார்கள். அரபியிலிருந்து வந்த சொல். பூச்சு உதிர்ந்த இடங்களில் வைக்கோல் துண்டுகள் இன்னும் மஞ்சளாக மின்னும். இந்தச் சுவருக்கு ஆண்டுக்காண்டு மண் பூச வேண்டும். கூரையில் ஓர் ஓடு நகர்ந்து தண்ணீர் இறங்கினால் சில வருடங்களில் சுவர் கரைந்து மறுபடி வயல் மண்ணாகிவிடும். ஆள் போய்விட்ட வீடுகள் அப்படித்தான் கரைந்துகொண்டிருக்கின்றன. உள்ளே நுழைந்து படம் எடுக்க ஆசை வரும், வேண்டாம். எப்போது எது சரியும் என்று சொல்ல முடியாது.

தங்கும் வீடு பழைய வீடாக இருந்தால் "குளோரியா இருக்கிறதா?" என்று கேளுங்கள். குளோரியா என்றால் சொர்க்க சுகம். தரைக்கு அடியில் சுரங்கம் போல வழி விட்டு, வெளியே இருக்கும் ஒரு வாயில் வைக்கோலைப் போட்டு மெதுவாகப் புகைய விடுவார்கள். சூடு தரைக்கடியில் ஓடி, எதிர்ச்சுவரில் உள்ள புகைபோக்கி வழியாக வெளியேறும். விறகு கிடைக்காத ஊரில் வைக்கோலை வைத்து ஓர் அறையை நாள் முழுக்கக் கதகதப்பாக வைத்திருக்கும் வித்தை. ரோமானியர்களின் குளியல் இல்லங்களில் இருந்த ஏற்பாட்டின் வாரிசு இது. ஜூனில் யாரும் பற்ற வைக்க மாட்டார்கள், ஆனால் அந்த வாயைத் திறந்து காட்டச் சொன்னால் வீட்டுக்காரர்களுக்குப் பெருமையாக இருக்கும்.

ஊருக்கு வெளியே வயல் நடுவில் ஜன்னலே இல்லாத வட்டக் கட்டடங்களோ சதுரக் கட்டடங்களோ தென்பட்டால் அவை புறாக்கூண்டுகள். கூண்டு என்று சொன்னாலும் ஒரு வீட்டளவு பெரியவை. உள்சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான மாடக்குழிகள். குஞ்சுப்புறா கறிக்கு, எச்சம் உரத்துக்கு. ரசாயன உரம் வந்ததும் பாதி வேலை போய்விட்டது. இப்போது பெரும்பாலானவை இடிந்து கிடக்கின்றன, சிலவற்றைப் பழுது பார்த்திருக்கிறார்கள். அப்புறம், வயலோரம் கம்பத்தின் மேல் மரப்பெட்டி மாட்டியிருப்பதையும் பார்ப்பீர்கள். அது புறாவுக்கு அல்ல. 2007-இல் இந்தப் பகுதியில் வயல் எலிகள் பெருகி விளைச்சலைத் துவம்சம் செய்தன. எலி தின்னும் கூகையும் வல்லூறும் வந்து கூடு கட்டட்டும் என்று பிறகு வைத்த பெட்டிகள் அவை.

ஊரைவிட உயரமாக ஜன்னலில்லாத ஒரு கான்கிரீட் கோபுரம் சில இடங்களில் எழுந்து நிற்கும். அது தானியக் களஞ்சியம். ஸ்பானிய உள்நாட்டுப் போர் நடுவே 1937-இல் தொடங்கிய தேசியக் கோதுமை அமைப்பு, விவசாயிகளின் கோதுமையைத் தானே கொள்முதல் செய்தது. அதற்காக நாடு முழுக்க எழுந்தவை இவை. வயல்களின் பேராலயங்கள் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இப்போது பலவற்றில் புறாக்கள்தான் குடியிருக்கின்றன. தேவாலயக் கோபுரத்தையும் இதையும் ஒரே படத்தில் எடுங்கள், ஊரின் வரலாறு அதில் வந்துவிடும்.

ஆட்கள் ஏன் போனார்கள் என்று கேட்பீர்கள். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தன, சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை அரசாங்கம் சேர்த்துக் கொடுத்தது, பத்துக் குடும்பம் பார்த்த நிலத்தை ஒரு குடும்பம் பார்க்க முடிந்தது. 1950-களிலிருந்து இளைஞர்கள் பில்பாவோவுக்கும் மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் ஆலை வேலைக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் மூடியது. அதன் பிறகு பிள்ளை வைத்திருக்கும் யாரும் திரும்பி வரவில்லை. இந்தச் சமவெளி அடங்கிய காஸ்தியா–லெயோன் பிரதேசத்தில் 2,248 ஊராட்சிகள், மக்கள்தொகையோ சுமார் 24 லட்சம். அதிலும் கணிசமானோர் சில நகரங்களில் இருக்கிறார்கள். 2019 மார்ச் 31 அன்று இப்படிக் காலியான பகுதிகளின் மக்கள் மாட்ரிட்டில் திரண்டு ஊர்வலம் போனார்கள். 'காலியாக்கப்பட்ட ஸ்பெயின்' என்பது அவர்கள் சொல். தானாகக் காலியாகவில்லை, காலியாக்கினார்கள் என்று அழுத்திச் சொல்வார்கள். கிராமத்தில் இந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். பரிதாபப்பட வந்தவர் என்று நினைத்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். மழை எப்படி, பார்லி அறுத்தாயிற்றா என்று கேளுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

பார்லி என்றதும் நினைவு வருகிறது. கோதுமையைத் தேடிப் போகிறீர்கள், ஆனால் கண்ணில் படுவதில் பெரும்பகுதி பார்லியாக இருக்கும். நீண்ட மீசையோடு தலை கவிழ்ந்திருந்தால் பார்லி, கதிர் நிமிர்ந்து நின்றால் கோதுமை. மே நடுவில் எல்லாம் பச்சை, ஓரங்களில் சிவப்புக் கசகசாப் பூ. ஜூன் நடுவில் பார்லி வெளுத்துவிடும், கோதுமையில் இன்னும் பச்சை ஓடும். காற்றடித்தால் இரண்டு நிறமும் அலையாகப் புரளும். என்னைக் கேட்டால் வருடத்திலேயே சிறந்த காலம் இந்தச் சில வாரங்கள்தான், நல்ல நேரத்தில் போகிறீர்கள். ஜூன் கடைசியில் பார்லி அறுவடை தொடங்கும், ஜூலையில் கோதுமை. அப்போது இரவிலும் இயந்திரங்கள் ஓடும், குறுகிய தெருவில் காரை நிறுத்தினால் வசவு நிச்சயம். ஆகஸ்டில் திருவிழா. நகரங்களுக்குப் போன பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து ஊர் பல மடங்கு பெருகும், விடிய விடியப் பாட்டு. அது வேறு ஊர், அதைப் பார்க்க இன்னொரு தடவை போங்கள்.

இரண்டாம் நாள் காலை கால்வாயோரம் நடங்கள். போவாதியாவிலிருந்து பக்கத்து ஊரான ஃப்ரோமிஸ்தாவுக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர், மேடே கிடையாது. இது காஸ்தியா கால்வாய். இங்கே விளைந்த கோதுமையைப் படகில் வடக்குக் கடற்கரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 1753-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். போர், பணமுடை என்று நின்று நின்று 1849-இல் முடித்தார்கள். 207 கிலோமீட்டர். குறுக்கே இருந்த மலைத்தொடரை மட்டும் கடக்க முடியவில்லை, கடல் வரை போகாமலே நின்றுவிட்டது. கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்தன. நூறு வருடம் தோண்டியதன் பலனை அனுபவித்தது பத்துப் பன்னிரண்டு வருடம்தான். 1860-களில் பக்கத்திலேயே ரயில் பாதை வந்தது, கால்வாயின் வியாபாரம் படுத்துவிட்டது. இப்போது அந்தத் தண்ணீர் பாசனத்துக்கு. மரமில்லாத அந்த நாட்டில் கால்வாய்க் கரையில் மட்டும் நெட்டை மரங்களும் நாணலும் குயிலோசையும் இருக்கும். ஃப்ரோமிஸ்தாவை நெருங்கும்போது, படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்கிய நான்கு அடுக்கு மதகு வரும். அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

ஃப்ரோமிஸ்தாவில் 11-ஆம் நூற்றாண்டு சான் மார்த்தின் தேவாலயம். கூரை விளிம்பைத் தாங்கும் 300-க்கும் மேற்பட்ட கல் முட்டுகளில் மிருகங்கள், வித்தைக்காரர்கள், கோணல் முகங்கள் என்று ஒன்றைப் போல ஒன்று இல்லை. நூறு வருடத்துக்கு முன் செய்த திருப்பணியில் கொஞ்சம் அதிகமாகவே துடைத்து வைத்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். இருந்தாலும் வெளிப்புறத்தை ஒரு சுற்று சுற்றுங்கள்.

உங்கள் மனைவியின் சாப்பாடு. இதுதான் கொஞ்சம் சிக்கல். இந்தப் பகுதியின் பெருமையே பால்குடி மறவாத ஆட்டுக்குட்டியை மண் தட்டில் வைத்து விறகடுப்பில் வாட்டுவது. "கார்னே (இறைச்சி) வேண்டாம்" என்று சொன்னால் போதாது. பன்றித் தொடைக்கறியான ஹமோனை அவர்கள் கார்னே கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பூண்டும் பழைய ரொட்டியும் போட்ட சூப் சைவம் போலத் தெரியும், அதில் ஹமோன் துண்டு கிடக்கும். தியெர்ரா தே காம்போஸின் சின்னப் பழுப்பு மைசூர்ப் பருப்பு பேர்போனது, ஊறப்போட வேண்டாம், குழையாது. அதையும் சோரிஸோ என்ற பன்றித் தொத்திறைச்சி போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். சாலட் கேட்டால் மேலே டூனா மீன் இருக்கும். ஆகவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும்: ஹமோன், சோரிஸோ, அதூன் (டூனா). முட்டை சாப்பிடுவார் என்றால் தோர்த்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் எல்லா பாரிலும் உண்டு. வியலோன் ஊரில் செம்மறி ஆட்டுப்பாலில் செய்யும் வெள்ளைப் பாலாடைக்கட்டி, கெட்டியான வெள்ளை ரொட்டி, தக்காளி, ஆலிவ் எண்ணெய் இவற்றை வைத்தே இரண்டு நாள் ஓட்டலாம். தங்கும் வீட்டில் சமையலறை இருக்கட்டும். பலேன்சியாவில் இறங்கியதும் அந்தப் பருப்பில் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், மிளகாய்ப்பொடி உங்களிடம் இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு முன் எதுவும் கிடைக்காது, இரவு ஒன்பதுக்கு முன் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சோம்பேறித்தனம் அல்ல. ஸ்பெயின் ஓட்டுகிற கடிகாரத்துக்கும் அதன் சூரியனுக்கும் ஒத்துவராது. ஜூனில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இரண்டேகால், இரண்டரை வாக்கில்தான். இரவு பத்து மணிக்குத்தான் மறைகிறது. மூன்றிலிருந்து ஆறு வரை தெருவில் நடமாட்டமே இருக்காது, நீங்களும் படுத்துவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் வெளியே வாருங்கள். பெரியவர்கள் நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரைக் கடந்தாலும் வணக்கமாக "புவேனாஸ்" என்று சொல்ல வேண்டும். தெரியாதவர்தானே என்று பேசாமல் போனால் மரியாதை தெரியாதவர் என்று அர்த்தம்.

நீங்கள் பறவை பார்க்கிறவர்களாக இருந்தால் சமோரா மாகாணத்தில் வியாஃபாஃபிலா ஏரிப்பகுதிக்குக் கார் எடுத்துப் போகலாம். நம் கானமயிலின் உறவினம் ஒன்று அங்கே கூட்டம் கூட்டமாக மேய்கிறது. ஆண் பறவை சிறகு விரித்து ஆடுவது வசந்தத்தில், ஜூனில் அது முடிந்திருக்கும். மூன்று நாளில் இதைத் திணிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

போக்குவரத்து: மாட்ரிட் சமார்த்தின் நிலையத்திலிருந்து பலேன்சியாவுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கே கார் வாடகைக்கு எடுப்பது வசதி. நீங்கள் ஓட்டுவதாக இருந்தால் இந்திய உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் கையில் வேண்டும், ஊரிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். கார் இல்லை என்றால் பலேன்சியாவிலிருந்து சாந்தாந்தேர் போகும் பாதையில் ஃப்ரோமிஸ்தாவில் நிற்கிற வண்டிகள் சில உண்டு. கால்வாயின் பிழைப்பைக் கெடுத்த அதே பாதை. அங்கிருந்து டாக்சியில் போவாதியா பத்து நிமிடம். டாக்சி நிலையத்தில் காத்திருக்காது, முந்தின நாளே போனில் சொல்லி வைக்க வேண்டும். தங்கும் வீட்டுக்காரர்களே ஏற்பாடு செய்து தருவார்கள். முன்பதிவையும் போனில் பேசியே செய்யுங்கள், மகளைப் பேசச் சொல்லுங்கள். அதே பேச்சில், நீங்கள் தங்கும் நாட்களில் பாருக்கு விடுமுறை என்றைக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ரொக்கம் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஊர்களில் ஏடிஎம் தேட வேண்டாம். மாத்திரைகளையும் பலேன்சியாவிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

திரும்பும் நாள் ஞாயிறாக இருந்தால் மாட்ரிட் ரயிலுக்கு முன்கூட்டியே சீட்டு எடுத்துவிடுங்கள், வார இறுதிக்கு ஊர் வந்த பிள்ளைகள் எல்லாரும் அதே மாலை வண்டியில்தான் திரும்புவார்கள். மகள் கார் ஓட்டுவாரா என்று எழுதுங்கள். ஓட்டுவார் என்றால் மூன்றாவது நாளுக்கு மெதினா தெ ரியோசெக்கோவும் அதன் பழைய மாவு ஆலையும் சேர்த்து வேறு வழி சொல்கிறேன்.